உப்பின் மேல் மிதக்கும் ஊற்று

தனுஷ்கோடி மணலில் பெண்கள் கையால் குழி தோண்டி, கொட்டாங்குச்சியால் குடிநீர் மொள்ளும் வீடியோவை வாட்ஸ்அப்பில் பலரும் பார்த்திருப்பீர்கள். 'கடல்நீரை மணல் வடிகட்டி நன்னீராக்கும் அதிசயம்' என்று அதற்குத் தலைப்பு. இது உண்மையா, உண்மையென்றால் வேதாரண்யம் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டால் ஏன் உப்புத் தண்ணீர் வருகிறது என்று திருத்துறைப்பூண்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தண்ணீர் உண்மை, வடிகட்டல் பொய். மணல் சேற்றையும் தூசியையும் நிறுத்தும். கரைந்துபோன உப்பை நிறுத்தாது. அந்தக் குழியில் ஊறுவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை.

காவிரி டெல்டா என்றதும் வயலும் வாய்க்காலும்தான் நினைவுக்கு வரும். அதன் தென்கிழக்கு மூலை வேறு மாதிரி. வேதாரண்யம் தாண்டி கோடியக்காடு, கோடியக்கரை வரை மணல்; மேற்கே உப்பளமும், கோடையில் வெடித்துக் கிடக்கும் சதுப்பும். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த கரை இது. ஆற்றுத் தண்ணீர் இந்த மணல் மேட்டுக்கு ஏறாது. அதனால் பாலைவனத்துக் கிராமங்களைப் போலவே இங்கும் அன்றாட வாழ்க்கை ஊற்றை நம்பியே நடந்தது. மணலில் குட்டை வெட்டி, அதில் இறங்கிக் குடத்தில் மொண்டு, புகையிலைக்கும் முல்லைக்கும் ஊற்றினார்கள். ஐப்பசியில் மீன்பிடிக் காலம் தொடங்கினால் வெளியூர் மீனவர்கள் கோடியக்கரையில் வந்து குடில் போடுவார்கள்; அவர்களுக்கும் முதல் தேவை நல்ல தண்ணீர்தான்.

ஒரு லிட்டர் நன்னீரின் எடை 1000 கிராம். கடல்நீர் சுமார் 1025 கிராம். விஷயம் முழுவதும் இந்த 25 கிராமில் இருக்கிறது. மணலில் இறங்கும் மழைநீர், கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. தன் எடையால் அதைக் கீழே தள்ளுகிறது. 1000ஐ 25ஆல் வகுத்தால் 40. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடி வரை நன்னீர் இருக்கலாம்.

விதைநெல் தேர்ந்தெடுக்க உப்புக் கரைசலில் முட்டையைப் போட்டுப் பார்ப்போமே, அதே கதைதான். உப்பு போதாதவரை முட்டை அடியில் கிடக்கும். உப்பு ஏற ஏற எழும்பி, நாலணா அகலத்துக்கு முதுகைக் காட்டும். மணலில் தோண்டி நாம் தொடுவது அந்த நாலணா முதுகை. மீதி முட்டை கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருக்கிறது. அந்த முதுகைக் கத்தியால் சீவினால் என்ன ஆகும்? எடை குறைந்த முட்டை மேலே வரும், கூடவே அதன் அடிப்பாகமும் மேலே வரும். அப்படித்தான் கிணற்றில் நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே இருக்கும் உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். ஆழ்துளைக் கிணறு போடுவது முட்டையைக் குத்தித் துளைத்து, அடியில் இருக்கும் கரைசலை உறிஞ்சுவதற்குச் சமம். வாசகரின் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்.

முட்டைக்கு ஓடு உண்டு, மழைநீருக்கு ஓடு ஏது? ஓட்டின் வேலையை மணலே செய்கிறது. வாளியில் ஊற்றிக் கலக்கினால் இரண்டு நீரும் நொடியில் ஒன்றாகிவிடும். மணல் இடுக்குகளிலோ அலையும் கிடையாது, சுழலும் கிடையாது. தண்ணீர் ஊர்ந்துதான் போக வேண்டும். அதோடு நன்னீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையோரம் கசிந்து கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. எல்லையில் கலந்த உப்பையும் கழுவிக்கொண்டு போகிறது. அடுத்த மழை, போன நீரை ஈடுகட்டுகிறது. யாரும் காவல் இல்லாமல் இரண்டு தண்ணீர் ஒன்றன்மேல் ஒன்றாக ஆண்டுக்கணக்கில் இருக்கிறது என்பதை எத்தனை முறை எண்ணினாலும் வியப்பு தீரவில்லை.

நாற்பது என்பது ஏட்டுக்கணக்கு. மணலுக்கடியில் களிமண் குறுக்கிட்டாலும், மழை பொய்த்தாலும் குறையும். இந்தக் கணக்குக்கு நெதர்லாந்தின் பாடன் கைபன், ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க் ஆகியோரின் பெயரை வைத்திருக்கிறார்கள்; இருவரும் எழுதியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 1901இலும். ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பக்கம் நன்னீர் உப்புநீருக்கு மேல் நிற்க இன்னொரு வழி: அங்கே மணலுக்கடியில் ஜிப்சம் அடுக்கு மழையைத் தாங்கிப் பிடிக்க, அதற்குக் கீழே உப்புநீர். குறுகலான கிணறு தோண்டி, ஊறுவதை மட்டும் எடுப்பார்கள்.

'வற்றாத ஊற்று, மோட்டார் வைத்தால் ஊருக்கே தண்ணீர்' என்ற பேச்சுதான் ஆபத்து. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளை மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்யப் பார்த்தார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் அடியில் இருந்த உப்பும் மேலே வந்தது. கிணறுகளைத் தேற்றியதில் பெரும்பங்கு அடுத்தடுத்த மழைக்கே.

இன்று வேதாரண்யத்துக்குக் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிறது. வரட்டும், அது தேவை. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது மோட்டார்கள் ஓடவில்லை. கடல் ஏறாத மேட்டில் இருக்கும் ஆழமில்லாத குட்டைக்கு மின்சாரம் வேண்டாம். ஆகவே ஊராட்சிகள் செய்ய வேண்டியது மூன்று: ஆழத்தை விட்டு அகலமாக வெட்டுவது, ஒரே இடத்தில் இறைக்காமல் பல இடங்களில் கொஞ்சமாக எடுப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக மணல் அள்ளுவதைத் தடுப்பது. மேடு ஓர் அடி தாழ்ந்தால், மழையைத் தேக்கி உப்பை அமுக்கி வைக்கும் இடமும் அந்த அளவுக்குக் குறையும்; அந்த இழப்பை எந்தக் குழாயாலும் ஈடுகட்ட முடியாது.