மிச்சம் வைத்த குளிசை

தோட்டத் தாய்மாரே, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் அமொக்சிசிலினைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுக்கிறீங்களா? வேண்டாம்.

இந்த மருந்து பக்டீரியாக் கிருமியைச் சுவர் கட்டவிடாமல் சாகடிக்கும். சில கிருமிகளோ மருந்தையே உடைக்கும் நொதியை உண்டாக்கும். மருந்து குறைந்தால் பலமில்லாத கிருமி சாகும். பலமானது தங்கிப் பெருகும். வேரை விட்டுப் புல்லு பிடுங்கின மலை மாதிரித்தான். பென்சிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945இலேயே இதைச் சொல்லி எச்சரித்தார்.

தடிமனுக்குக் காரணம் வைரஸ். அதற்கு இந்தக் குளிசை கேட்காது. இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் எலிக்காய்ச்சலும் உண்டு. பிந்தினால் சிறுநீரகம் பழுதாகலாம். ஆகவே காய்ச்சல் என்றால் மிச்சக் குளிசையைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க. டாக்டர் சொன்ன நாள் வரை மருந்தை முடிங்க.