மட்டக்களப்புக் கடலுக்குள் ஒரு மையவாடி

மட்டக்களப்புக் கரையில் நின்று கடலைப் பார்த்திருப்பீர்கள். அங்கே, சுமார் 53 மீற்றர் ஆழத்தில், பிரித்தானியரின் 'ஹெர்மிஸ்' கிடக்கின்றது. விமானங்களைச் சுமப்பதற்கென்றே கட்டப்பட்ட போர்க்கப்பல் அது. ஆனால் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 307 பேர் மாண்டனர். அவ்வழியே வந்த 'வீட்டா' என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைக் காப்பாற்றியது.

இன்று சுழியோடிகள் காற்றுக் கொள்கலன்களை முதுகில் சுமந்து இதனைப் பார்க்க இறங்குகின்றனர். அவ்வாழத்தில் உடலை அழுத்தும் பாரம் கரையிலிருப்பதைவிட ஆறு மடங்குக்கும் மேல். சாதாரண காற்றைச் சுவாசித்தால், அதிலுள்ள நைதரசன் மதுவைப்போல் மதியை மயக்கும். அவசரமாக மேலெழுந்தாலோ, உடலில் கரைந்த அவ்வாயு குமிழிகளாகி முடமாக்கும், உயிரையும் பறிக்கும். ஆகவே சில நிமிடங்கள் பார்த்தவரும் இடையிடையே தரித்துத் தரித்தே மேலேற வேண்டும்.

உங்கள் மகன் சுழியோட ஆசைப்பட்டால் திட்டாதீர்கள். முறையாகப் பயிலச் சொல்லுங்கள். பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர்தான் என்பதையும் சொல்லுங்கள். பின்னொரு நாள் தகுதி பெற்று அவன் அங்கே இறங்கினால், ஓர் ஆணியைக்கூட எடுத்து வர வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கோ காத்திருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு அந்தக் கப்பலே மையவாடி.