72 மணி நேரமும் 90 நாளும்

ஆணுறை இல்லாமல் உறவு கொண்ட மறுநாளே எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போகிறார் ஒருவர். முடிவு 'நெகட்டிவ்'. நிம்மதியாக வீடு திரும்புகிறார். ஆனால் அந்த முடிவு நேற்றைய இரவைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

உடலுறவால் வரும் தொற்று பெரும்பாலும் ஒரே ஒரு வைரஸிலிருந்துதான் கிளைக்கிறது. சளிச்சவ்வைக் கடக்கும் அந்த வைரஸ், சி.டி.4 எனும் நோய் எதிர்ப்பு அணுவுக்குள் புகுந்து, தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி நம் மரபணுவோடு தன்னைக் கோத்துக்கொள்கிறது. பிறகு நிணநீர் முடிச்சுகளில் பெருகி ரத்தத்தில் பரவுகிறது. ஏறத்தாழ முதல் 10 நாள்களுக்கு எந்தப் பரிசோதனைக்கும் அது அகப்படாது.

அடுத்து, ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு காலம் உண்டு. வைரஸின் மரபணுவையே தேடும் பரிசோதனை 10 முதல் 33 நாள்களில் கண்டுபிடிக்கும். வைரஸின் பி24 புரதத்தையும் நம் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் ஆய்வகச் சோதனைக்கு 18 முதல் 45 நாள். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் துரிதச் சோதனைக்கு 23 முதல் 90 நாள்.

ஆனால் தடுப்பு மருந்துக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது. 'பெப்' எனப்படும் மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். வைரஸ் உடலில் வேரூன்றும் முன்பே அதைத் தடுப்பதுதான் அவற்றின் வேலை.

ஆபத்தின் அளவையும் அறிந்துகொள்வது நல்லது. சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. உள்ளவருடன் ஆணுறையின்றி உறவுகொண்டால், யோனிவழி உறவில் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 முறைக்கு சுமார் 8, ஆணுக்கு 4. ஆசனவாய்வழி உறவை ஏற்பவருக்கு 138. பால்வினை நோய்ப் புண்கள் இருந்தால் இது கூடும். சராசரி குறைவு என்பதால் அலட்சியம் வேண்டாம். ஒரே முறையிலும் தொற்றலாம். மாறாக, தொடர்ந்து மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாதபடி குறைந்தவரிடமிருந்து உடலுறவால் தொற்றுவதில்லை.

1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, கொடுக்க மருந்தே இல்லை. இன்று அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். தொற்று உறுதியானால் சிகிச்சையும் இலவசம். சம்மதமின்றிச் சோதிக்கவோ முடிவை வெளியிடவோ கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். கூச்சத்தில் அந்த 72 மணி நேரத்தை இழந்துவிடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் போங்கள்; பரிசோதனையை உரிய நாளில் மறுபடியும் செய்துகொள்ளுங்கள்.