முள்வால் ஓணானும் நடைபாதை எண்ணெயும்

சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் பிழைப்பை நாடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்து குடியேறியவர்கள் உங்களில் அநேகர். ஊரைவிட்டு வந்து எத்தனை ஆண்டுகள் ஆனாலும், அந்தப் பாறைகளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வெயில் ஏறிய பாறையின்மேல் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்த ஓணானைச் சிறுவயதில் கல்லெறிந்து விரட்டாதவர் யார்? நாம் எறிந்த கல் விழுமுன்னே அது ஏதோ ஒரு வெடிப்பினுள் மறைந்துபோயிருக்கும்.

அதே மலைகளின் பாறை இடுக்குகளில் வாழும் பொன்னிறப் பல்லியோ ஆராய்ச்சியாளரிடையே பெரும் புகழ் பெற்றது. தெலுங்கில் அதனைப் 'பங்காரு பல்லி' என்பர். சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெட்டோம் என்னும் ஆங்கிலேயர் திருப்பதி மலைகளில் அதனைக் கண்டு, 1870-ல் விவரித்து எழுதினார். (அக்காலத்தில் சித்தூர் வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது, தனி மாவட்டமானது 1911-ல்தான்.) அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக ஆய்வாளர் கண்ணுக்குத் தென்படாமலிருந்த அப்பல்லி, 1980-களில்தான் மீண்டும் கண்டறியப்பட்டது. அதற்கு முள்ளும் இல்லை, விஷமும் இல்லை. பாறையே அதன் கோட்டை. தன் முட்டைகளையும் அது பாறை இடுக்கிலேயே ஒட்டிவைக்கிறது.

ஆனால் ஒளிந்துகொள்ளப் பாறையே இல்லாத இடத்தில் பிறந்த ஓணான் என்ன செய்யும்? தன் அரணைத் தன் உடலிலேயே சுமக்கவேண்டியதுதான்!

ராஜஸ்தானின் தார் பாலைவனத்திலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் அப்படிப்பட்ட ஓர் ஓணான் உண்டு. பெயர் முள்வால் ஓணான். வடநாட்டார் அதனைச் 'சாண்டா' என்று அழைக்கின்றனர். ஒன்றரை அடி வரை வளரும் மண்ணிறப் பிராணி அது. பருத்த வாலின் இருபுறமும் வரிசை வரிசையாக முட்கள். தோற்றத்தைக் கண்டு அஞ்சவேண்டாம்; புல்லும் இலையும் பூவுமே அதன் முக்கிய ஆகாரம். நம் நாட்டு ஓணான்களில் இவ்வாறு பெரும்பாலும் தாவரத்தையே தின்று வாழ்வது இது ஒன்றே எனலாம்.

கெட்டியான தரையில் தானே வளை தோண்டி, ஒவ்வொன்றும் தனித்தனியே குடியிருக்கும். இருட்டும் வேளையில் உள்ளே சென்று, வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். துரத்தும் நரியோ உடும்போ வளைக்குள் தலையை நுழைத்தால், முதலில் எதிர்ப்படுவது முள்வால்தான். அதனைச் சாட்டையைப்போல் இடமும் வலமும் வீசும். பிடித்து இழுக்கப் பார்த்தாலோ, காற்றை உள்ளிழுத்து உடலை உப்பச்செய்து, வளையின் சுவரோடு இறுகிக்கொள்ளும். குளிர்காலம் முழுவதும் வெளியே வராமல், உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக்கொண்டே பிழைத்திருக்கும்.

மற்றப் பாலைவனங்களிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஒன்று, தன் வாலைத் தானே கவ்வி முள் வளையமாகச் சுருண்டுகொள்கிறது. ஆஸ்திரேலியாவின் முட்பிசாசு என்னும் ஓணான், மெய்யான தலையைக் குனிந்து மறைத்துக்கொண்டு, பிடரியிலுள்ள பொய்த்தலையைக் காட்டுகிறது. அமெரிக்காவின் கொம்பு ஓணானோ, நாயும் ஓநாயும் நெருங்கும்போது கண்ணோரத்திலிருந்து நான்கைந்து அடி தூரம் இரத்தத்தைப் பீய்ச்சுகிறது. அதன் சுவை நாயினத்திற்கு அறவே ஆகாது. இவற்றில் விந்தையானது எதுவென்று கேட்டால், எவரும் இரத்தம் பீய்ச்சுவதையே சொல்வர். எனக்கென்னவோ, கதவை அடைத்துக்கொண்டு பேசாமல் உள்ளேயிருக்கும் நம் நாட்டு ஓணானே மேலாகத் தோன்றுகிறது.

அந்தக் கதவு நரிக்குப் போதும், கடப்பாரைக்குப் போதாது. வளையைத் தோண்டி மனிதன் அதனைப் பிடிக்கிறான். ஓடிவிடாதபடி முதுகெலும்பை முறித்து, உயிரோடேயே சந்தைக்குக் கொண்டுபோகிறான். குளிர்காலத்தைக் கடப்பதற்கு அது சேர்த்துவைத்த கொழுப்பே அதற்கு எமனாகிறது. அதனை உருக்கி எடுப்பதே 'சாண்டா எண்ணெய்'.

இப்பெயர் உங்களில் பலருக்குப் புதிதல்ல. பேருந்து நிலையத்தருகே, சந்தை ஓரத்தில், புட்டிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு உரத்த குரலில் பேசுகிறவர்களைக் கண்டிருப்பீர்கள். மூட்டுவலி தீரும் என்பர். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆண்மைக்குறைவு தீரும் என்பர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு நகரத்து அறையில் தங்கி வேலை செய்யும் வாலிபனும், மனைவியிடம்கூடச் சொல்ல வெட்கப்படும் நடுவயதுக்காரரும் அங்கே நிற்பதுண்டு. அந்தக் கொழுப்பில் இருப்பது மற்ற விலங்குகளின் கொழுப்பிலும் உள்ள சாதாரண அமிலங்களே. அது எந்த நோயையும் தீர்க்கும் என்பதற்கு மருத்துவச் சான்று ஏதும் இல்லை. போதாக்குறைக்கு, புட்டியில் இருப்பது அந்த எண்ணெய்தானா என்பதும் விற்பவனுக்கே வெளிச்சம்!

காசு போவது சிறிய நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு. ஆண்மைக்குறைவு பலருக்குச் சர்க்கரை வியாதியின் அல்லது இரத்தக்கொதிப்பின் அடையாளமாக வருகிறது. இருதய இரத்தக்குழாய்கள் கெட்டுவருவதை முன்கூட்டியே காட்டுவதும் உண்டு. எண்ணெய்ப் புட்டியை ஒளித்துவைத்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருக்கிறவர், அந்த ஆறு மாதமும் வியாதியை வளரவிடுகிறார். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கக் கட்டணம் இல்லை. மருத்துவரிடம் கதவைச் சாத்திக்கொண்டு தனியே பேசலாம். அவர் இதனைத் தினமும் கேட்கிறவர். சகோதரிகளே, உங்கள் கணவர் சொல்லத் தயங்கினால், பரிசோதனைக்குப் போகலாம் என்று நீங்களே பேச்சைத் தொடங்குவதில் தவறேதும் இல்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முள்வால் ஓணானையும் காக்கிறது. அதனைப் பிடிப்பதும், அதன் எண்ணெயை விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். உயிருள்ள ஓணானைக் கூட்டத்தின் நடுவே காட்டி ஒருவர் விற்பதைக் கண்டால், அவரோடு வாக்குவாதம் செய்யவேண்டாம். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, வனத்துறை அலுவலகத்திற்கோ அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ உடனே தெரிவியுங்கள்.