“இது குப்பை இல்லம்மா!” - கீக் பிள்ளைகளின் மேசை என்ன சொல்கிறது?

போகிக்கு முந்தைய நாள், வீடு ஒழிக்கும் படலம் ஹாலில் தொடங்கி, கிச்சன் பரண் வழியாகப் பிள்ளையின் அறைக்கு வந்து சேரும்போதுதான் பல வீடுகளில் சண்டையே ஆரம்பிக்கிறது. மேசைமேல் மஞ்சள் நிறத்தில் ஒரு ரப்பர் வாத்து. பக்கத்தில், மூடி கழற்றிப்போட்ட பழைய ஹார்டு டிஸ்க். லேப்டாப் மூடியில் ஒரு பென்குயின், ஒரு சிவப்புச் சுழி, இன்னும் நாலைந்து ஸ்டிக்கர்கள். சுவரில் பெரிதாக 42 என்று ஓர் எண். அது வீட்டு நம்பரும் இல்லை, பிறந்த தேதியும் இல்லை. துடைப்பத்தோடு நிற்கும் அம்மாவின் கண்ணுக்கு எல்லாமே குப்பை. பிள்ளைக்கோ, இதில் ஒன்று காணாமல்போனாலும் அன்று முழுக்கச் சோறு இறங்காது.

அம்மா பக்கமும் நியாயம் இருக்கிறது, தூசி தட்டுவது அவர்தானே! ஆனால், அந்தப் பொருள்களில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டபின் தூக்கிப்போடுவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கலாம்.

முதலில், ‘கீக்’ என்றால் யார்? ‘படிப்ஸ்’ என்று நினைத்துவிடாதீர்கள். அரியர் வைத்த கீக்குகள் ஏராளம். நம் ஊரில் சினிமாக் கிறுக்கு, கிரிக்கெட் கிறுக்கு என்று சொல்வோமே... அதுபோல ஒரு விஷயத்தின் அடியாழம் வரை போய்ப் பார்த்தே தீருவேன் என்று கிளம்பும் ஆள். அது கம்ப்யூட்டராக இருக்கலாம், காமிக்ஸாக இருக்கலாம், கடிகாரமாகக்கூட இருக்கலாம். ஒருகாலத்தில் அமெரிக்கத் திருவிழாக் கூடாரங்களில் உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துக் காட்டி வித்தை செய்தவர்களைத்தான் ‘கீக்’ என்று அழைத்தார்கள். அங்கிருந்து நகர்ந்து, இன்று பெருமையாக டி-ஷர்ட்டில் போட்டுக்கொள்ளும் பட்டமாகிவிட்டது அந்த வார்த்தை.

வாத்துக்கு என்ன வேலை?

மேசையில் இருக்கும் பொருள்களிலேயே அதிகம் கேலிக்கு ஆளாவது அந்த வாத்துதான். இத்தனைக்கும் அது பொம்மையே இல்லை, வேலைக்கான கருவி! 1999-ல் ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் எழுதிய ‘தி ப்ராக்மேட்டிக் புரோகிராமர்’ என்ற புத்தகத்தில், ரப்பர் வாத்து ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளும் ஒரு புரோகிராமரைப் பற்றி வருகிறது. எழுதிய கோடில் எங்கே தப்பு என்று தெரியாமல் முழிக்கும்போது, அந்த வாத்திடம் வரி வரியாக விளக்கிச் சொல்ல வேண்டும். ‘இந்த வரி இதைச் செய்யுது, அடுத்த வரி அதைச் செய்யுது’ என்று சொல்லிக்கொண்டே வரும்போது, ‘அட, இங்கதான் இடிக்குது’ என்று தானாகவே பிடிபட்டுவிடும். வாத்து வாயே திறக்காது. அதுதான் அதன் தகுதி.

பரீட்சைக்கு முந்தின நாள் சுவரைப் பார்த்து ஒப்பித்துப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை. மேசையில் பிள்ளையார் வைத்து, காலையில் அவரிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு சிஸ்டத்தை ஆன் செய்கிறவர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும்.

பென்குயினின் பெயர் டக்ஸ். லினக்ஸ் என்ற, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தி, மாற்றி, பிறருக்கும் கொடுக்கலாம் என்கிற மென்பொருளின் சின்னம். 1996-ல் லேரி யூயிங் என்பவர் வரைந்தது. சிவப்புச் சுழி, லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ‘டெபியன்’ உடையது. 1993-ல் அதைத் தொடங்கிய இயன் மர்டாக், தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டவைத்து வைத்த பெயர் அது. டெப்ரா, பிறகு அவர் மனைவியானார். டெபியனின் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ‘டாய் ஸ்டோரி’ படத்தில் வரும் பொம்மைகளின் பெயரைத்தான் வைக்கிறார்கள். பஸ், வுடி, ஜெஸ்ஸி எல்லாமே வந்தாயிற்று. சீரியஸான ஆள்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவர்களின் லட்சணம் இதுதான்!

சுவரில் இருக்கும் 42? டக்ளஸ் ஆடம்ஸின் ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ கதையில், வாழ்க்கை, பிரபஞ்சம், மற்ற எல்லாவற்றுக்கும் விடை என்ன என்று ஒரு மகா கம்ப்யூட்டரிடம் கேட்கிறார்கள். அது 75 லட்சம் ஆண்டுகள் கணக்குப் போட்டுவிட்டுச் சொல்லும் பதில்தான் 42. கேள்வி என்ன என்பதுதான் யாருக்கும் தெரியாது. படித்தவர் அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பார். படிக்காதவர், ‘ரூம் நம்பரா?’ என்பார்.

அடுத்து, வீட்டில் அதிகம் திட்டு வாங்கித் தரும் ஐட்டமான கீபோர்டு. மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்ச் இருக்கும். நீல நிற ஸ்விட்ச் என்றால் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ‘டக்’ என்று சத்தம் வரும். பிரவுன் என்றால் விரலுக்கு மட்டும் ஒரு சின்னத் தட்டல் தெரியும். சிவப்பு, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு இறங்கும். ஐ.பி.எம் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த ‘மாடல் எம்’ கீபோர்டை இன்றைக்கும் தேடிப் பிடித்து வாங்கி, சுத்தம் செய்து பயன்படுத்துகிறவர்கள் உண்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை மாலை நின்று பாருங்கள்... காய்கறிக் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பதுபோல, கீபோர்டைத் தட்டிச் சத்தம் கேட்டு வாங்குகிற இளைஞர்களைப் பார்க்கலாம். பாட்டி தூங்கும் அறைக்குப் பக்கத்து அறை என்றால், தயவுசெய்து நீலம் வேண்டாம்!

அப்பாவின் டிரங்குப் பெட்டி

‘இதெல்லாம் இந்தக் காலத்துப் பசங்க கூத்து’ என்று சொல்லும் அப்பாக்களின் டிரங்குப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது முத்து காமிக்ஸ். அந்தப் பழைய இதழ்களை பாலிதீன் உறை போட்டுப் பாதுகாப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். யாருக்கும் இரவல் தர மாட்டார்கள். சிற்றலை வானொலி கேட்ட தலைமுறையில் இன்னொரு பழக்கம் இருந்தது. வெளிநாட்டு வானொலி நிலையத்துக்கு, ‘உங்கள் ஒலிபரப்பை இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு, இவ்வளவு தெளிவாகக் கேட்டேன்’ என்று கடிதம் போடுவார்கள். நிலையத்திலிருந்து அதை உறுதிசெய்து வண்ண அட்டை ஒன்று வரும். ‘க்யூ.எஸ்.எல் கார்டு’ என்று பெயர். சுவர் முழுக்க அதை ஒட்டிவைத்தவர்கள் தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில்கூட இருந்தார்கள். அதற்கும் லேப்டாப் ஸ்டிக்கருக்கும் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஏன் இப்படி ஒட்டுகிறோம், அடுக்குகிறோம் என்பதை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். சாம் காஸ்லிங் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு சுவாரஸ்யமானது. 94 அலுவலக இடங்களையும் 83 படுக்கையறைகளையும், அங்கே இருப்பவரைப் பார்த்தே இராத ஆள்களிடம் காட்டி, ‘இந்த அறைக்குச் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டார்கள். புதியவற்றில் அவருக்கு எவ்வளவு ஆர்வம், எவ்வளவு ஒழுங்கானவர் என்பதையெல்லாம் பலர் ஓரளவு சரியாகவே சொல்லிவிட்டார்கள். அறையில் இருப்பவற்றை காஸ்லிங் வகை பிரிக்கிறார். ‘நான் இப்படிப்பட்டவன்’ என்று நாமே எடுத்துச் சொல்ல வைப்பவை ஒன்று. நம் பழக்கத்தால் நம்மை அறியாமல் விட்டுப்போனவை இன்னொன்று. பென்குயின் ஸ்டிக்கர் முதல் வகை. கீபோர்டில் தேய்ந்துபோன எழுத்தும், மேசையில் காபி டம்ளர் போட்ட வட்டமும் இரண்டாவது வகை. முதலாவதில் பந்தா காட்டலாம். இரண்டாவதில் முடியாது.

கீக்குகளுக்கும் இது தெரியும். பயன்படுத்தாத மென்பொருளின் ஸ்டிக்கரை ஒட்டினால், ‘சும்மா சீன்’ என்று முதுகுக்குப் பின்னால் பேசிவிடுவார்கள்.

ஆபீஸ் மேசைக்கு வந்த சோதனை

ஆயுதபூஜையன்று ஐ.டி ஆபீஸ்களில் மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் பார்த்திருப்பீர்கள். ‘இது என் மேசை’ என்கிற உரிமையும் கலந்ததுதான் அந்தக் கொண்டாட்டம். கொரோனாவுக்குப் பிறகு பல அலுவலகங்களில் அந்த ‘என்’ காணாமல்போய்விட்டது. வாரத்தில் சில நாள்கள்தான் ஆபீஸ், அதுவும் அன்றைக்கு எந்த சீட் காலியோ அதை ஆப்பில் புக் செய்துகொள்ள வேண்டும். மாலையில் மேசையைத் துடைத்துவைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ 27001 தரச் சான்றிலேயே, மேசையில் ரகசியத் தாள்கள் எதையும் விட்டுப்போகக் கூடாது என்று இருக்கிறது. காரணம் நியாயமானது. ஆனால், தாளோடு சேர்ந்து வாத்தும் வெளியேறிவிடுகிறது.

பலருக்கும் மிச்சம் இருப்பது தண்ணீர் பாட்டிலும் பேக்பேக்கும்தான். பாட்டில் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதன் ரகசியம் இதுதான். ஆபீஸ் லேப்டாப் கம்பெனி சொத்து என்பதால், அதன்மேல் கழற்றக்கூடிய உறை ஒன்றை மாட்டி அதில் ஒட்டுகிறவர்களும் உண்டு. கையில் எடுத்துப்போகக்கூடிய மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இழப்பு மனசுக்கு மட்டுமில்லை. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஆள்களைப் பலவிதமான இடங்களில் உட்காரவைத்து வேலை கொடுத்தார்கள். சிலருக்கு மொட்டை மேசை. சிலருக்குச் செடியும் படமும் வைத்து அலங்கரித்த மேசை. சிலருக்கு, அவற்றைத் தங்கள் இஷ்டப்படி அடுக்கிக்கொள்ளும் உரிமை. இந்தக் கடைசி ஆள்களின் வேலைத்திறன், மொட்டை மேசைக்காரர்களைவிட 32 சதவிகிதம் வரை அதிகமாக இருந்தது. நான்காவதாக ஒரு குழுவும் இருந்தது. அவர்களை இஷ்டப்படி அடுக்கச் சொல்லிவிட்டு, ஆய்வாளரே வந்து எல்லாவற்றையும் மாற்றி அடுக்கிவிட்டார். அதோடு அந்த லாபம் காணாமல்போய்விட்டது. செடி அதேதான், படம் அதேதான். ‘உன் அறையைச் சுத்தமா அடுக்கிவெச்சிருக்கேன் பாரு’ என்று அம்மா ஆசையாகச் சொல்லும்போது பிள்ளைக்கு ஏன் சுருக்கென்று கோபம் வருகிறது என்பதற்கு, இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மகளின் மேசையில் சால்டரிங் அயர்ன்

இவ்வளவு நேரம் ‘பிள்ளை’ என்று பொதுவாகச் சொல்லிவந்தேன். வீடுகள் அப்படிப் பொதுவாகப் பார்ப்பதில்லை. மகனின் அறையில் வயரும் ஸ்க்ரூவும் இறைந்துகிடந்தால், ‘அவன் அப்படித்தான்’ என்று சிரித்துவிட்டுப் போகிற வீட்டில், மகளின் மேசையில் சால்டரிங் அயர்ன் இருந்தால் முகம் மாறுகிறது. பெண் பார்க்க வரும் நாளில் முதலில் பரணுக்குப் போவது அந்தப் பெட்டிதான்.

தடை வீட்டில் மட்டும் இல்லை. சப்னா செரியன் என்ற அமெரிக்க உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் படிக்காத மாணவ மாணவிகளைத் தனித்தனியாக ஓர் அறைக்கு அழைத்தார்கள். சிலர் போனபோது அந்த அறையில் ‘ஸ்டார் ட்ரெக்’ போஸ்டர், வீடியோ கேம் பெட்டிகள், காமிக்ஸ், குளிர்பானக் கேன்கள் இருந்தன. மற்றவர்கள் போனபோது இயற்கைக் காட்சிப் படமும், தண்ணீர் பாட்டிலும், பொதுவான புத்தகங்களும் இருந்தன. முதல் அறைக்குப் போன பெண்களுக்கு, கம்ப்யூட்டர் படிப்பின் மேல் இருந்த ஆர்வம் மற்ற அறைக்குப் போன பெண்களைவிடக் குறைவாக இருந்தது. ஆண்களிடம் அப்படிக் குறையவில்லை. யாரும் யாரையும், ‘நீ வராதே’ என்று சொல்லவில்லை. போஸ்டரே சொல்லிவிட்டது.

ஒரே ஸ்டிக்கர் தெரிந்தவருக்கு, ‘வா, உட்காரு’ என்கிறது. தெரியாதவருக்கு, ‘இது உன் இடமில்லை’ என்கிறது. கீக் மேசையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைப் பேசுவதில்லை.

எல்லா கீக் மேசையும் ஹாலிவுட்டிலிருந்தே இறங்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம் என்றும் புரியவில்லை. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோரும் சேர்ந்து, புள்ளிக் கோலங்களை வைத்து 1974-ல் கணினி அறிவியல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். கையெடுக்காமல் இழுக்கும் சிக்குக் கோலத்துக்கு ஒரு இலக்கணம் உண்டு, அதை விதிகளாக எழுதலாம் என்று காட்டிய வேலை அது. மூவரில் இருவர் பெண்கள். வாசலில் தினமும் புள்ளி எண்ணி வைக்கிற அம்மாவும், உள்ளே கோடு எழுதுகிற மகளும் ஒரே துறைக்காரர்கள் என்று சொன்னால் மிகையில்லை. லேப்டாப்பில் ஒட்ட, சிக்குக் கோலத்தைவிட அழகான ஸ்டிக்கர் இருக்க முடியுமா என்ன?

தமிழ் எழுத்து பொறித்த கீபோர்டும் அப்படித்தான். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த ‘தமிழ்99’ முறையில் உயிரெழுத்துகள் இடது கைக்கும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கும் வரும். எழுத்து ஒட்டாத கீபோர்டில் இந்த முறையில் அடிப்பவரைப் பார்த்தால், சக கீக்குகள் எழுந்து நிற்பார்கள். இதில் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால், முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். அதனால் ‘அம்மா’ என்று அடிக்க நான்கே தட்டல்கள் போதும்: அ, ம, ம, ஆ.