ரசச் சொம்பில் ஒளிந்திருக்கும் காரீயம்

ஈயச் சொம்பில் வைத்த ரசத்துக்குத் தனி மணம் என்று எங்கள் பாட்டி சாதிப்பார். தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் சொம்பே உருகிவிடும் என்பதால், புளித்தண்ணீரைக் கரைத்து ஊற்றிய பிறகுதான் தீயைப் பற்ற வைப்பார். அந்தச் சொம்பு எந்த ஈயத்தில் செய்தது என்று யாரும் கேட்டதில்லை.

வெள்ளீயமா, காரீயமா?

தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்றே பெயர், குழப்பம் அங்கேதான். சமையலுக்கு உரியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு, ஆனால் விலை மலிவு. கலப்படத்துக்கு அது போதாதா? புளியும் தக்காளியும் காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். காகிதத்தில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் அகப்படாது. ஆய்வக அறிக்கை காட்டாத கடையில் சொம்பு வாங்காதீர்கள்.

உடம்புக்குள் போனால்

கால்சியம் என்று ஏமாந்து உடம்பு காரீயத்தை எலும்பில் சேர்த்து வைக்கிறது, பல பத்தாண்டுகளுக்கு. கர்ப்பகாலத்தில் அது எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வந்து கருவையும் எட்டுகிறது. வாய்வழி போகும் காரீயத்தைக் குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சக்கூடும். வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை எல்லாம் அளவு கூடிய பிறகு வருபவை. அதற்கு முன்பே, வெளியே ஒன்றும் தெரியாமல், பிள்ளையின் கற்கும் திறன் குறைந்திருக்கும். கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனைதான் வழி. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று எதையும் அது சொல்லவில்லை.

சட்டம் எட்டிய தூரம்

காரீயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல் நின்றது. உலகில் கடைசியாக 2021-இல் அல்ஜீரியாவில். வீட்டுப் பெயின்ட்டில் 90 பிபிஎம்முக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பெயின்ட் அந்த விதிக்குள் வராது. எனக்கு இது பெரிய ஓட்டையாகவே படுகிறது.

விதிக்கு முன் அடித்த பெயின்ட் இன்னும் நம் ஜன்னல் கம்பிகளிலும் கதவுகளிலும் இருக்கிறது. பொங்கலுக்கு முன் உப்புத்தாளால் தேய்க்கும்போது பறக்கும் தூசிதான் ஆபத்து. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வேலை முடியும்வரை வேறு வீட்டில் விடுங்கள். பிறகு தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பழைய இன்வெர்ட்டர் பேட்டரி

கூடுதலாக நூறு ரூபாய் தருகிறார் என்று தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் பேட்டரியைப் போட்டுவிடாதீர்கள். அது ஏதோ ஒரு கொல்லையில் உடைபட்டு, அமிலம் மண்ணில் இறங்க, உள்ளே இருக்கும் காரீயம் திறந்த அடுப்பில் உருகும். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். 2022-ஆம் ஆண்டு விதிப்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

பாட்டியின் சொம்பு இப்போது பரணில். ரசம் எவர்சில்வரில்தான் கொதிக்கிறது. பெருங்காயம் மட்டும் ஒரு சிட்டிகை கூட.