வாசலைத் தேடி வந்த விருந்தாளி

திண்டுக்கல் சீமையில் நாயை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் சிலரே. பெரும்பாலான கிராமத்து வீடுகளில், நாய்தான் வீட்டைத் தேடி வந்து சேருகிறது.

வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் அறுவடை முடிந்த காடுகளில் ஆட்டுக்கிடை போடுவார்கள். கிடையைக் கிளப்பிக்கொண்டு மந்தை அடுத்த ஊருக்குப் புறப்படும்போது, குட்டி ஒன்று பின்தங்கிவிடும். அய்யலூரில் வியாழக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையிலிருந்து திரும்புகிறவரின் காலடியை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒன்று வந்துவிடும். யாரோ சாக்குப் பையில் கட்டி வந்து, இரவோடு இரவாகக் குளத்தங்கரையில் விட்டுப் போனதாகவும் இருக்கும். விடியற்காலையில் வாசல் தெளிக்க வரும் மருமகள் பார்க்கிறாள்: திண்ணை ஓரத்தில் சுருண்டு கிடக்கிறது ஓர் உயிர்!

"எவன் வீட்டு நாயோ, விரட்டி விடு தாயி" என்பாள் மாமியார்.

"பாவம் அத்தை, வயிறு ஒட்டிக் கிடக்கு. கொஞ்சம் கஞ்சித் தண்ணி ஊத்திட்டு விரட்டிருவோம்" என்பாள் மருமகள்.

கஞ்சி குடித்த நாய் எங்கே போகும்? மூன்றாம் நாள், "நாய்க்குச் சோறு வச்சியா?" என்று முதலில் கேட்பவளே அந்த மாமியார்தான். அதற்குள் பிள்ளைகள் 'மணி' என்று பெயரும் சூட்டியிருப்பார்கள்.

கல்லில் நிற்கும் நாய்

இந்த உறவு நேற்று முளைத்ததல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமை மந்தைக்காகப் போரிட்டு மடிந்த வீரனுக்கு எடுத்த கல் அது. அந்த வீரனின் அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர்களைக் கடித்துத் தன் எஜமானனைக் காத்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. ஊர் பேர் தெரியாமல் மறைந்த மனிதர் எத்தனையோ பேர். ஆனால் அந்த நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது!

நாய் மனிதனைக் காத்த கதை இது. மனிதன் நாயைக் காத்த கதை இதைவிடப் பழையது. ஜெர்மனியில் பான் நகரின் அருகே 1914-ஆம் ஆண்டில் ஒரு புதைகுழி கிடைத்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அடக்கம் செய்யப்பட்ட அந்தக் குழியில், நாய்க்குட்டி ஒன்றும் இருந்தது. காலம் சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன். அந்தக் குட்டி பல வாரங்கள் கடும் நோயில் கிடந்தது என்றும், யாரோ பராமரித்ததால்தான் அத்தனை நாள் உயிரோடு இருந்தது என்றும் அதன் பற்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

சோறு மட்டும் போதுமா?

போதாது. இங்கேதான் நம் வீடுகளில் தவறு நடக்கிறது. வந்த நாய்க்குச் சோறு வைக்கிறோம், பெயர் வைக்கிறோம், பிள்ளைகளோடு விளையாட விடுகிறோம். ஊசி போட மட்டும் மறந்துவிடுகிறோம்.

வெறிநாய்க்கடி நோய்க்கு உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் பலியாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மனிதருக்கு இந்த நோய் வருவது பெரும்பாலும் நாயால்தான். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. புதிதாக வந்த நாய் இன்று துள்ளி விளையாடுகிறது என்பதாலேயே அது நோயற்றது என்று சொல்ல முடியாது. கிருமி புகுந்த பிறகு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில்கூட அது வெளியே தெரியாமல் இருக்கலாம்.

ஆகவே, வந்த நாயை முதலில் அரசு கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். குட்டியானால் மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் கெடுவில் மறுபடியும் ஊசி. குடற்புழு மருந்தும் அவசியம். ஊசி போட்டுச் சில வாரங்கள் கழியும் வரை, சிறு பிள்ளைகளிடமிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் அதைச் சற்று விலக்கியே வைப்பது நல்லது. மாடுகளுக்கும் இந்த நோய் வரும்.

கடித்துவிட்டால்?

மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்பக் கூடாது. மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறு கீறல்தானே என்று இருந்துவிடலாகாது. எல்லா ஊசிகளையும் குறித்த நாட்களில் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

லூயி பாஸ்டர் 1885-இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இந்த ஊசியைப் போட்டார். இந்தியாவில் 1900-இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியிலும், 1907-இல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் வந்தன. ஒரு காலத்தில் கடிபட்டவர் ஊசிக்காக மலையேறிப் போனார். வயிற்றைச் சுற்றி ஊசி போட்ட காலமும் உண்டு. இன்று கையிலேயே போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. இதற்குப் பிறகும் ஓர் உயிர் போகுமானால், அது அலட்சியத்தால் போன உயிர்தான்.

வெங்காயமும் திராட்சையும்

திண்டுக்கல்லின் பெருமைகள் சில நாய்க்கு ஆகாதவை. இந்தச் சீமையின் சின்ன வெங்காயம் ஊர் ஊராகப் போகிறது. ஆனால் எந்த வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சிறுமலை அடிவாரத்துப் பன்னீர் திராட்சை நமக்கு இனிக்கும்; நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பிரியாணி எலும்பை அன்போடு போடுகிறார்கள். வெந்த எலும்பு கூராக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். குழம்பு ஊற்றாத சோறு, அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கறி, எப்போதும் ஒரு சட்டி நிறையத் தண்ணீர்: இவை போதும்.

பெண் குட்டி என்றால்...

கடைசியாக ஒரு விஷயம். "பொட்டைக் குட்டியா? வேண்டாம்" என்று மறுபடி குளத்தங்கரையில் கொண்டுபோய் விடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. காவலில் பெண் நாய் எந்த விதத்திலும் குறைந்ததல்ல. குட்டி போட்டுப் பெருகுமே என்பதுதான் பயம். அதற்குக் கருத்தடை அறுவை இருக்கிறது. அதைச் செய்யாமல் விரட்டிவிட்டால், பெருக்கம் நின்றுவிடுமா? இரண்டு மாதச் சினைக்குப் பிறகு அந்தப் பெட்டை எங்கோ ஒரு பாலத்தடியில் ஐந்தாறு குட்டி போடும். அவற்றில் ஒன்று இன்னொரு வீட்டு வாசலைத் தேடி வரும். அந்தக் குட்டிக்கு யார் ஊசி போட்டிருப்பார்கள்?

வந்த விருந்தாளி பட்டு மெத்தை கேட்கவில்லை. திண்ணை ஓரத்தில் ஒரு சாக்கு, ஒரு தட்டுச் சோறு, ஆண்டுக்கொரு ஊசி. இவ்வளவுதான் செலவு. இதைச் செய்துவிட்டால், இரவில் வாசலில் கேட்கும் அந்தக் குரைப்பை நம்பிக் குடும்பமே நிம்மதியாக உறங்கலாம்.